பசையமில்லா உணவு

பரோட்டாவுக்குப் பிசைந்த மாவை எண்ணெய் தடவி ஊறவைத்து வீசினால், அது கிழியாமல் துணிபோல் விரிகிறது. அரிசி மாவை அவ்வாறு வீச இயலாது, பிய்ந்து உதிர்ந்துவிடும். கோதுமையிலுள்ள பசையம் என்னும் புரதமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். குளூட்டன் என்று இன்று கடைகளில் பேசப்படுவது இதுவே. பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதன் இனத்தைச் சேர்ந்த புரதங்கள் உள்ளன.

கோடிக்கணக்கானோர்க்கு ஊட்டம் தரும் இப்புரதம், ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குப் பகையாகிறது. அவர்தம் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைத்துவிடுகிறது. உண்ட உணவு உடலில் சேர்வதில்லை. குழந்தையாயின் வளர்ச்சி குன்றுகிறது. இதனைச் சீலியாக் நோய் என்பர்.

லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888ஆம் ஆண்டிலேயே இந்நோயைத் தெளிவாக விவரித்தார். உணவைத் திருத்துவதே இதற்கு மருந்து என்றும் கூறினார். ஆயினும் விலக்க வேண்டிய உணவு எது என்பது அவருக்குப் புலப்படவில்லை. அதனைக் கண்டவர் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் குழந்தை மருத்துவராக விளங்கிய வில்லெம் டிக்கே. 1944ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதியைப் பட்டினி வாட்டியது. ரொட்டி கிடைக்காமல் மக்கள் துலிப் கிழங்குகளைக்கூட வேகவைத்து உண்டனர். அக்காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகளின் நிலை மோசமடையவில்லை. ரொட்டி மீண்டபோது நோயும் மீண்டது. இதனைப் பஞ்சம் தந்த கண்டுபிடிப்பு என்று சுவைபடச் சொல்வோர் உண்டு. அது முழு உண்மையன்று. டிக்கே 1930களிலேயே கோதுமையின்மீது ஐயம் கொண்டு குழந்தைகளின் உணவைக் கவனித்து வந்தவர். 1941ஆம் ஆண்டிலேயே அதுபற்றி எழுதியவர். குழந்தைகளின் உணவை ஆண்டுக்கணக்கில் அளந்து குறித்து, 1950இல் தம் ஆய்வேட்டை அளித்தார். பஞ்சம் அவருடைய ஐயத்தை வலுப்படுத்தியது. பொறுமையே அதனை மெய்ப்பித்தது.

இன்று பெருநகரக் கடைகளில் பசையமில்லா ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் பானங்களுக்கும் தனி அடுக்குகளே உள்ளன. வாங்குவோர் பலர் நோயாளிகள் அல்லர். உடல் இளைக்கும், நலம் பெருகும் என்று நம்பி வாங்குவோர். இவர்களால் நோயாளிகளுக்கு ஒரு நன்மை விளைந்தது: முன்பு கிடைக்காத பண்டங்கள் இப்போது கிடைக்கின்றன. ஆயினும் விலை கூடுதல். மாவுச்சத்து மிகுந்து நார்ச்சத்துக் குறைந்த பண்டங்களும் அவற்றுள் பல. இயல்பாகவே பசையமில்லாத அரிசியின் பொட்டலத்திலும் அச்சொல்லைப் பொறிப்பது வணிகத்தின் சாதுரியம். இதனினும் கவலைக்குரியது வேறொன்று. வயிற்றுத் தொல்லை உடையவர் மருத்துவரை நாடுமுன் தாமாகவே கோதுமையை விட்டுவிட்டால், பின்னர்ச் செய்யும் குருதிப் பரிசோதனையில் நோய் தெரியாமலே போகக்கூடும்.

நோயாளிக்கோ அச்சொல் அலங்காரமன்று. ஒரு கிலோ உணவில் பசையம் 20 மில்லிகிராமுக்கு மிகாதிருந்தால்தான் அவ்வாறு பொறிக்கலாம் என்பது இந்தியாவிலும் விதி. அரிசி மாவே ஆயினும், கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்தால் அந்த அளவைத் தாண்டிவிடலாம்.

இந்தியாவில் இந்நோய் கோதுமை உண்ணும் வடமாநிலங்களிலேயே மிகுதி. தமிழகத்தின் இட்லி, இடியாப்பம், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி ஆகியவற்றில் பசையம் இல்லை. ஆனால் இட்லிக்கு ஊற்றும் சாம்பார்? தூய பெருங்காயம் வீரியம் மிக்கது. ஆகையால் மாவும் பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்பதே வழக்கம். அம்மாவு பெரும்பாலும் கோதுமை மாவு. அரிசி மாவு சேர்ப்போரும் உளர். சிறுவர்க்கு ஆற்றிக் கொடுக்கும் மால்ட் பானமோ பெரும்பாலும் பார்லியில் பிறந்தது. சீலியாக் நோயுள்ள பிள்ளையின் தாய், மளிகைக் கடையில் பெருங்காய டப்பாவைத் திருப்பி, கண்ணுக்கு எட்டாத சிற்றெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்த பின்னரே கூடையில் இடுகிறார்.