ஏரிக்கரையில் வந்து இறங்கியவர்கள்

ஆம்பூருக்கு பிரியாணி இருக்கிறது. மணப்பாறைக்கு முறுக்கு, திருநெல்வேலிக்கு அல்வா, மதுரைக்கு ஜிகர்தண்டா. சென்னைக்குள்ளேயே சைதாப்பேட்டைக்கு வடகறி என்று ஒரு பெயர் இருக்கிறது. அம்பத்தூருக்கு, ஆவடிக்கு, பூந்தமல்லிக்கு என்ன இருக்கிறது? போலந்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் "உங்க ஊர்ல என்ன ஸ்பெஷல்?" என்று கேட்கும்போதெல்லாம் சென்னை என்று சொல்லி, இட்லியில் பேச்சை முடித்துக்கொள்வேன். இந்த ஆடியில் 18 நாள் லீவில் வந்தபோது அப்பாவிடமே கேட்டேன்.

"நம்ம ஊருக்குன்னு என்னப்பா சாப்பாடு?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்ம ஊரா? இது பொழைக்க வந்த இடம்மா."

அப்பா 1986-ல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். எஸ்டேட்டில் லேத் ஓட்டி, கள்ளிக்குப்பத்தில் வீடு கட்டி, ரிட்டயராகியும் ஆயிற்று. இன்னும் "ஊருக்குப் போறேன்" என்றால் அவருக்கு அது வந்தவாசிதான். எனக்கு அம்பத்தூர். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு ஊர். அவர் சொன்ன பதிலை அப்படியே விட்டுவிட மனமில்லை. லீவு முழுக்க அவருடைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சுற்றினோம்.

இந்தப் பக்கத்துக் கதையை ஏரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, வடக்கே புழல், தெற்கே செம்பரம்பாக்கம். ஒவ்வொரு ஏரிக்குக் கீழேயும் நெல் வயல் இருந்தது. நெல்லும் ஏரி மீனும் கீரையும்தான் அப்போதைய சாப்பாடு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நாட்டை சோஷலிச பாணிச் சமுதாயமாக்குவோம் என்று தீர்மானம் போட்டது. 1961-ல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கி, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அந்த அறுபதுகளில் எழுந்ததுதான். வயல் இருந்த இடத்தில் ஷெட்டுகளும் நகர்களும் முளைத்தன. சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டவர்கள் இருந்த இடத்தில் சங்கு ஊதினால் சாப்பிடுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அப்பா இன்னும் அந்தச் சங்குக்குத்தான் கட்டுப்பட்டவர். ரிட்டயராகி நாலு வருஷமாகிறது, இப்போதும் நாலரைக்கு எழுந்துவிடுவார். பத்தரைக்கெல்லாம் மதியச் சோறு வேண்டும். அம்மா திட்டிக்கொண்டே போடுவாள். வந்த மூன்றாம் நாள் விடியற்காலை என்னை எழுப்பி, "சாப்பாடு கேட்டியே, வா" என்றார்.

எஸ்டேட் ரோட்டில் ஐந்தரை மணிக்கு ஒரு தள்ளுவண்டி. இட்லி, பொங்கல், பூரி, வடகறி. தட்டுக்கு மேல் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் தண்ணியாய் சாம்பார், எரிகிற மாதிரி காரச் சட்னி. சுற்றிலும் சட்டை மாற்றாத, மாற்றிய, ஐடி கார்டு தொங்குகிற ஆண்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போடுப்பா" என்றார். யாரும் பேசவில்லை. ஏ ஷிஃப்ட் ஆறு மணிக்கு. ஐந்து ஐம்பதுக்கு அத்தனை பேரும் தட்டைப் போட்டுவிட்டு மறைந்தார்கள்.

பத்து நிமிஷம் வண்டி காலியாக நின்றது. கடைக்காரர் இட்லி குண்டானை ஓரமாக நகர்த்திவிட்டு, கீழேயிருந்து வேறு ஒரு அண்டாவை எடுத்து மேலே வைத்தார். திறந்தால் குஸ்கா. காலை ஆறேகாலுக்குக் குஸ்கா! நைட் ஷிஃப்ட் முடித்து வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு பிளேட் வாங்கி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். "அவங்களுக்கு இதாம்மா ராத்திரி சாப்பாடு. சாப்ட்டு போய்ப் படுத்துருவாங்க," என்றார் அப்பா. அவரும் ஒரு பிளேட் வாங்கிக்கொண்டார். டாக்டர் சுகர் என்று சொன்ன பிறகு அம்மா வீட்டில் குஸ்கா செய்வதே இல்லை.

அங்கே நின்றுதான் அவர் மண்ணூர்பேட்டை ரூமைப் பற்றிச் சொன்னார். ஆறு பேர், மூணு பாய். ஏ ஷிஃப்ட்காரன் எழுந்து போன பாயில் நைட் ஷிஃப்ட்காரன் வந்து படுப்பான், பாய் சூடு ஆறியிருக்காது. ரூமில் சோறு பொங்கலாம், கருவாடு மட்டும் சுடக் கூடாது. ஓனரம்மா கண்டிஷன். "ஊர்ல இருந்து வந்தவனுங்க, தெருவையே நாறடிக்கறானுங்கன்னு சொல்லும். சம்பளத்துக்கு சம்பளம் கணக்கு வச்சு சோறு போட்ட மெஸ் அக்காதான் எங்களக் காப்பாத்துச்சு. அதுவும் செங்கத்துப் பக்கம்."

இதை ஏன் அவர் அன்றைக்குச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஒடிசா, பீகார் பையன்கள் ஏழெட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமா முதல் நாள் சாயங்காலம்தான் காம்பவுண்ட் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் ஆரம்பித்திருந்தார். "நீ இல்லாதப்ப ஊரே மாறிப்போச்சும்மா. எங்க பார்த்தாலும் வடக்கனுங்க. கடுகெண்ணெய் நாத்தம், வீட்டுக்குள்ள உக்கார முடியல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. போலந்தில் என் ஃபிளாட் மாடிப்படியில் போன குளிர்காலத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும், வாசனை மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று. பெயர் போடவில்லை. அந்தக் கட்டடத்தில் பெருங்காயம் பொரிக்கிற ஆள் நான் ஒருத்திதான். மைனஸ் எட்டு டிகிரியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாம்பார் தாளித்தேன்.

மாமாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய மகனுக்கு கான்ட்ராக்ட் வேலை போய்விட்டது. அந்த இடத்தில் குறைந்த கூலிக்கு வெளியூர்ப் பையன்களை எடுத்திருக்கிறார்கள். அந்த வலி மூக்கு வழியாக வெளியே வருகிறது. அப்பா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கம்மியா வாங்கறவன் தப்பா, கம்மியாக் குடுக்கறவன் தப்பா?" மாமா பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆவடி. டாங்கி தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படை, சிஆர்பிஎஃப் எல்லாம் இருக்கிற ஊர் என்பதால் இந்தியும் பஞ்சாபியும் வங்காளமும் மலையாளமும் அந்த மார்க்கெட்டுக்குப் புதிதில்லை. இப்போது புதிதாக வந்திருப்பது லிட்டி. கோதுமை மாவு உருண்டைக்குள் சத்து மாவு அடைத்து, கரி அடுப்பில் சுட்டு, கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் மசித்த சோக்காவோடு தருகிறார்கள். அப்பா ஒன்றைப் பிட்டு, உள்ளே இருந்த மாவை மட்டும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இன்னாது இது, பொட்டுக்கடலை மாவு மாதிரி இருக்கு?"

அதேதான். சத்து என்பது வறுத்த கொண்டைக்கடலையின் மாவு. நம் பொட்டுக்கடலையும் அதே கடலையை வறுத்து உடைத்தது. அதில் நாம் உருண்டை பிடிக்கிறோம், சட்னி அரைக்கிறோம். அவர்கள் பூண்டும் ஓமமும் கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசைகிறார்கள். அப்பா இரண்டு பிளேட் சாப்பிட்டார். கடுகெண்ணெய்தான் கொஞ்சம் மூக்கில் ஏறுது என்றார்.

அக்கா மகள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக ஊர் சுற்றல். முதலில் திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில். கருவறைக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். எருக்கஞ்செடியில் தூணா என்று அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தொண்டைமான், புழலில் கோட்டை கட்டியிருந்த குறும்பர்களை வென்று, அந்தக் கோட்டையிலிருந்து எடுத்து வந்த தூண்கள் என்பது தலபுராணம். நந்தியும் இங்கே சிவனைப் பார்த்துக்கொண்டு இருக்காது, தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பியதால் வெளியே பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பார்கள். யார் முதலில் வந்தவன், யார் பிறகு வந்து எடுத்துக்கொண்டவன் என்ற வழக்கு இந்த ஏரிக்கரைகளில் அவ்வளவு பழையது.

பிறகு பூந்தமல்லி. ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். இங்கிருந்து தினம் பூப்பறித்துக்கொண்டு காஞ்சி வரதருக்கு நடந்தே போனார் என்று கதை. நடக்கிறவர்களின் பாதை இது என்பதற்கு ஊர்ப் பெயர்களே சாட்சி. குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கன் இறங்கிக் களைப்பாறுகிற இடம். அந்தச் சாவடிகளுக்கு மேல் இப்போது கலங்கரை விளக்கம் வரை போகிற மெட்ரோவின் தூண்கள். கீழே வரிசையாக பிரியாணிக் கடைகள், பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். இறங்குகிறவனுக்குச் சோறு போட்டுப் பழகிய ரோடு.

செம்பரம்பாக்கம் போகிற வழியில் பிக் பாஸ் வீடு எங்கே இருக்கிறது என்று பாப்பா கேட்டாள். ஈவிபி பிலிம் சிட்டியின் சுவரைக் காட்டினேன், அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி. 2015 டிசம்பரிலிருந்து சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த எண்கள் மனப்பாடம். முன்பு வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் இப்போது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க் குழாயில் வருகிறது. ஏரி அன்று சோறு போட்டது, இன்று நாம் ஏரிக்கரைக்குப் போய்ச் சாப்பிடுகிறோம்.

கரையோரம் பொரித்த மீன் வாங்கினோம். ஜிலேபி. "இதாண்டி நம்ம ஏரி மீனு," என்று அப்பா பேத்திக்கு முள் எடுத்துக் கொடுத்தார். ஜிலேபி ஆப்பிரிக்க மீன். இந்தியாவுக்குள் விடப்பட்டது 1952-ல்தான். விராலும் கெளுத்தியும் இருந்த ஏரிகளில் பெருகி, இப்போது ஏரி மீன் என்றாலே அதுதான். நான் சொன்னதும் அப்பா சிரித்தார். "எனக்கு 34 வருஷம் சீனியரு."

லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தொண்டை மண்டலத்தின் உள்ளூர்ச் சாப்பாடு என்று ஒன்றைக் கைகாட்டச் சொன்னால் நான் ஆடிக் கூழைத்தான் காட்டுவேன். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் வேகும்போது அந்த மாவை ஊற்றிக் கிளறி, மறுநாள் மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு ஊற்றுவார்கள். பக்கத்தில் முருங்கைக்கீரை, மாங்காய், சில வீடுகளிலிருந்து கருவாட்டுக் குழம்பு. கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம்தான். சில ஆயிரம் வருஷம் முன்னால் வந்ததால் யாரும் கேட்பதில்லை.

அண்டா முன்னால் கரண்டியோடு நின்றவர் பக்கத்து வீட்டு மாமா. அவர்தான் விழாக் கமிட்டி. வரிசையில் சொம்போடும் தூக்கோடும் தெருவே நின்றது. நடுவில் எதிர்வீட்டு மாடிப் பையன்கள் இரண்டு பேர், கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல முணுமுணுத்தார். மாமா நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடி கரண்டி அப்படியே நின்றது. பிறகு ஊற்றினார். அம்மன் கூழை யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

பையன் அங்கேயே ஒரு வாய் குடித்தான். முகம் மாறியது. "மாண்டியா!" என்றான் கூட வந்தவனிடம். அப்பாவுக்குப் புரியவில்லை. அவன் அரைத் தமிழில் சொன்னான். அவனுக்கு ஊர் கோராபுட். அங்கே மாண்டியா ஜாவு என்று இதையேதான் காய்ச்சிப் புளிக்க வைத்து, வெயில் காலத்தில் வயலுக்குக் கொண்டுபோவார்கள். அவன் அம்மா காய்ச்சுவாள். இங்கே வந்து இரண்டு வருஷத்தில் இப்போதுதான் குடிக்கிறான்.

"தொட்டுக்க என்னா?" என்று கேட்டார் மாமா. அதுவரை பேசாமல் இருந்தவர்.

"பியாஜ், அண்ணா. மிளகாய். அப்புறம்..." தமிழில் வார்த்தை தெரியாமல், விரலால் காற்றில் ஒரு சின்ன மீனை வரைந்து, வெயிலில் காய்வதுபோல் கையை விரித்துக் காட்டினான்.

"கருவாடா?" என்றார் அப்பா.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவன் டிபன் பாக்ஸை வாங்கி விளிம்பு வரை ஊற்றி, மேலே ஒரு பிடி வெங்காயம் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவர் மறுபடியும் காம்பவுண்ட் சுவரில் சாய்ந்துகொண்டு அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டே கேட்டேன். எண்ணெய் நாற்றம்தான் விஷயம். ஆனால் "அந்தக் கோராபுட்டுப் பையன் கிட்டயாவது சொல்லுங்க, ஜன்னலத் தொறந்து வச்சு சமைக்கச் சொல்லி" என்றார். வடக்கன் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு ஊர் இருந்தது.