வேடிக்கை பார்க்க ஆள் இல்லாத பள்ளிக்கூடம்

தாய்மொழிக் கல்வி மீதுள்ள பற்றினால்தான் மகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. தனியார் பள்ளி வேனில் ஏறினாலே அவளுக்கு வாந்தி. கோபிசெட்டிபாளையம் போய்ச் சேர்வதற்குள் சீருடை நாறிவிடும். அந்த வருடம் மஞ்சள் விலையும் படுத்துவிட்டது. இரண்டாம் தவணைக் கட்டணத்துக்குத் தோட்டை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. அப்போதுதான் எங்கள் தெருக்கோடியில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்று இருப்பதே எனக்கு உறைத்தது.

மொத்தம் 23 பிள்ளைகள். தலைமையாசிரியர் ஒருவர், டீச்சர் ஒருவர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள்தான். அதனால் இப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளிகள் நம் கிராமங்களில் ஏராளம். ஓர் அறையில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, இன்னோர் அறையில் நான்கும் ஐந்தும்.

என் மகள் யாராவது பேர் கேட்டால் என் முந்தானைக்குப் பின்னால் போய்விடுகிறவள். முந்தைய பள்ளியின் ஆண்டு விழாவில் அவளும் ஆடினாள் என்றார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கடைசி வரிசையில் ஒரு ரிப்பனைக் காட்டி “இது நம்ம பாப்பாதான்” என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

இங்கே கடைசி வரிசை என்று ஒன்று அமையவே வழியில்லை. காலை வழிபாட்டுக்கு மட்டுமே எத்தனை பேர் வேண்டும்! தமிழ்த்தாய் வாழ்த்து பாட, குறள் சொல்லிப் பொருள் சொல்ல, செய்தி வாசிக்க, உறுதிமொழி சொல்ல. அது போக மணி அடிக்க, செடிக்குத் தண்ணீர் விட, குழாயைத் திறந்து போட்டவனைப் பிடித்துக்கொடுக்க. தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பத்துப் பேர் தேறினால் அதிகம். அதில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் கணக்கு உதைக்கும். என் மகள் “நான் மாட்டேன் டீச்சர்” என்று சொல்லியிருக்கிறாள். “நீ மாட்டேன்னா வேற யாரு சாமி இருக்கா?” என்றாராம் டீச்சர். அவர் தைரியமூட்டுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு நிஜமாகவே வேறு ஆள் இல்லை. போய் நின்று வாசித்திருக்கிறாள். மறு வாரமும் ஆள் இல்லை.

இதை அமெரிக்காவில் இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற அந்த இருவர் கான்சாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளைப் பார்த்தார்கள். 35 பேர் படித்த பள்ளியும் அதில் இருந்தது, 2,287 பேர் படித்த பள்ளியும் இருந்தது. புத்தகம் வந்தது 1964-ல். பெரிய பள்ளியில் சங்கங்களும் விழாக்களும் பாடங்களும் அதிகம்தான். ஆனால் பிள்ளைகள் பெருகிய அளவுக்கு அவை பெருகவில்லை. அதனால் பெரும்பாலானவர்கள் பார்வையாளர்களாகவே நின்றுவிடுகிறார்கள். சின்னப் பள்ளியில் நாடகம் போட வேண்டுமென்றால் எல்லாரும் வந்தாக வேண்டும். எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பெரிய பள்ளியில் யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. சின்னப் பள்ளியில் அவர்களும் மற்றவர்களைப் போலவே ‘நான் போகாவிட்டால் காரியம் நடக்காது’ என்று உணர்ந்தார்களாம். எங்கள் பள்ளியில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிற ஒரு பையனிடம்தான் மணி இருக்கிறது. மணி அடித்தாக வேண்டுமே என்று அவன் லீவே போடுவதில்லை.

மூன்று வகுப்பும் ஒரே அறையில் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் அது வழக்கத்துக்கு மாறான ஏற்பாடு அல்ல. முன்பு செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணிப்படியில் தன் அட்டையை எடுத்துப் படித்தது. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். எந்த வகுப்பு என்பதைவிட எது தெரியும் என்பதுதான் கணக்கு. டீச்சர் ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்திருக்கும்போது மற்றக் கூட்டத்தைப் பெரிய பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்படித்தான் ஒருநாள் மாலை என் மகள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சின்னப் பையன் ஒருவனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவன் “வாங்குன கடன எப்பத் திருப்பிக் குடுக்கறது?” என்று கேட்டுவிட்டானாம். என்னிடம் பதில் இல்லை. நானும் அந்தக் கடனை வாங்கித்தான் பத்தாவது வரை வந்தேன், திருப்பித் தருவதைப் பற்றி யோசித்ததே கிடையாது. மறுநாள் டீச்சர் குச்சிக் கட்டுகளை எடுத்துப் போட்டிருக்கிறார். பத்துக் குச்சி ஒரு கட்டு. 42-ல் நாலு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு குச்சி கேட்டால் ஒரு கட்டை அவிழ்க்க வேண்டியதுதான். யாரிடமும் கடன் இல்லை, எல்லாம் நம் வீட்டுக் குச்சியே. அந்தக் கேள்வி வந்திராவிட்டால் என் மகளும் என்னைப் போலத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

இனிச் சொல்லப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் ஊரில் வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் மட்டுமல்ல, கடன் வாங்க முடிந்தவர்களின் பிள்ளைகளும் வேனில் போய்விடுகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள். சேர்க்கும்போது என் மாமியார், “அங்க யாரு யாரு படிக்கறாங்கன்னு தெரியுமல்லொ கண்ணு?” என்று கேட்டார். தெரியும். எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. வாய்விட்டுக் கேட்டவர் அவர், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய பள்ளியாக இருந்தால் பிள்ளைகள் அவரவர் தெருக்காரர்களாகப் பார்த்துச் சேர்ந்துகொள்ள முடியும். 23 பேரில், அதுவும் பாண்டி ஆடக் கூட்டுக்கு ஆள் தேடும்போது, யாரோடு சேர்வது என்று தேர்ந்தெடுக்க வசதியில்லை. காலையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் அரசு தருகிற பொங்கலையும் கிச்சடியையும் சாப்பிடுகிறார்கள். என் மகளின் சிநேகிதி முதலில் திண்ணை வரைதான் வந்தாள். மாமியார் உள்ளே கூப்பிட வெகுநாள் ஆயிற்று. சமையல்கட்டு வரை இன்னும் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னப் பள்ளி என்றால் எல்லாமே வெல்லம் இல்லை. கபடிக்கு ஏழு பேர் கொண்ட அணியைச் சேர்த்தால், எதிரணிக்கு ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகளைத்தான் நிறுத்த வேண்டும். ஒரு வருடம் நான்காம் வகுப்பில் ஒரே ஒரு பெண்தான். சண்டை போடக்கூட அவளுக்குச் சோடி இல்லை. ஓர் ஆசிரியர் பயிற்சிக்காக வட்டார வள மையத்துக்குப் போனால் பள்ளியில் பாதிப் பலம் போயிற்று. மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்துக்கொண்டு, எமிஸ் செயலியில் வருகையும் ஏற்ற வேண்டும். இரண்டில் ஒருவர் சரியில்லாதவராக வாய்த்துவிட்டால் தப்பிக்க இடமே கிடையாது. எங்களுக்கு வாய்த்தவர்கள் நல்லவர்கள், அதில் அதிர்ஷ்டமும் உண்டு.

ஆள் இல்லாத குறை பெற்றோரையும் விடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று கழித்தால் எங்கள் பள்ளியில் இருப்பதே பதினைந்து பதினாறு வீடுதான். ஆக, ஏறக்குறைய எல்லா வீடும் குழுவில்தான். முந்தைய பள்ளியில் கேட்டுக்குள் கால் வைக்கவே அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கே கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று நான் சொன்னதும், “தீர்மானம் எழுதுங்க, கையெழுத்துப் போடுங்க” என்று தலைமையாசிரியர் நோட்டை நீட்டிவிட்டார்.

இந்தக் கோடையில் டீச்சரும் நானும் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனோம். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் கிளம்பிவிட்டதால் பள்ளி இன்னும் சுருங்கிவிட்டது. ஒரு வீட்டில் பட்டுப்புழுவுக்கு மல்பரி இலை போட்டுக்கொண்டே ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டாள். டீச்சர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏனுங்க்கா, இருக்கறதே ரெண்டு பேரு. மாறுதல்ல ஒருத்தரு போயிட்டா என்னங்க்கா பண்றது?”

“வேற ஆளு வர்ற வரைக்கும் நாமதான் முறை வெச்சுப் போயி உக்காரோணும். கதை சொல்ல, வாய்ப்பாடு கேக்க.”

“நான் எட்டாவது வரைக்கும்தானுங்க்கா படிச்சேன்.”

“ஒண்ணாங்கிளாஸுக்கு அது தாராளமாப் போதும். திங்கக்கிழமை வர்றியா?”