டி.எச். ரோட்டில் வழி விட்டவர்கள்

காலடிப்பேட்டையில் எங்கள் வீடு டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி நாலாவது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை என்று முழுப்பெயர் சொன்னால் எங்கள் தெருவில் ஆட்டோக்காரர்கூட ஒரு நொடி யோசிப்பார். ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும். அம்மா துணி காயப்போடும் முன் மொட்டை மாடியில் நின்று காற்று பார்ப்பார். கடல் காற்று என்றால் அப்பாவின் வெள்ளை வேட்டி மாடிக்குப் போகும். மணலித் தொழிற்சாலைப் பக்கத்துக் காற்று என்றால் கூடத்துக் கொடிதான்.

அப்போதெல்லாம் நேரம் தெரிய கடிகாரம் வேண்டாம், கம்பெனிச் சங்கு போதும். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய லேலண்ட், திருவொற்றியூரில் புல்லட் செய்த என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி, விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை என்று ஊரே ஷிப்ட் கணக்கில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் "உங்கப்பா நைட்டா, ஜெனரலா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். நைட் என்றால் அந்த வீட்டுப் பக்கம் பகலில் யாரும் கத்தி விளையாடக் கூடாது. சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் கேரியரில் டிபன் பாக்ஸ் குலுங்க சைக்கிள்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். எண்ணூர் பஸ் ஓரங்கட்டி நிற்கும். டிரைவர் ஹாரனில் கை வைக்க மாட்டார். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவருக்குப் பழகிய முகங்கள்.

அந்த ரோட்டில் எனக்குப் பிடித்த காட்சி லேலண்ட் சேஸிஸ். பாடி கட்டாத வெறும் சட்டம், எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங். கூரை கிடையாது, கதவு கிடையாது. டிரைவர் தலையில் துண்டைச் சுற்றி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, எலும்புக்கூட்டின் மேல் உட்கார்ந்தவர் மாதிரி போவார். எந்த ஊரில் பாடி கட்டுகிறார்களோ அதுவரை வெயிலும் மழையும் அவர் மேல்தான். சிக்னலில் நிற்கும்போது பிள்ளைகள் கையாட்டினால் பதிலுக்குத் துண்டின் நுனியை ஆட்டுவார்.

ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அப்பா எட்டுப் போடுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. டிரெய்லரைப் பற்றி மட்டும் சொன்னார்: "அவன் கண்ணாடியில உன் மூஞ்சி தெரியணும்மா. தெரியலேன்னா அவனுக்கு நீ ரோட்டுல இல்ல." திரும்புகிற டிரெய்லரின் இடப்பக்கம் நிற்காதே, முன்சக்கரம் தாண்டிவிட்டது என்று நம்பி நுழையாதே, பின்னால் வருகிற பெட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்று கையால் வரைந்து காட்டினார். இன்றும் டிரெய்லர் பக்கத்தில் போனால் முதலில் அதன் கண்ணாடியைத்தான் தேடுகிறேன்.

கிழக்கே கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலை. பேர்தான் விரைவு. துறைமுகத்துக்குள் போக ஜீரோ கேட் நோக்கி கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டினால் காசிமேடு தாண்டி வடக்கே நீளும். வண்டியடியில் ஸ்டவ் பற்றவைத்து குழம்பு கொதிக்கும். காசிமேட்டில் வாங்கிய மீனை கிளீனர் பையன் சக்கரத்து மறைவில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருப்பான். மறுபுறம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல். அதற்கும் அப்பால் அலை அடிக்கும் இடத்தில் ஒரு காலத்தில் வீடுகள் இருந்தன.

வருஷத்தில் சில நாள் டி.எச். ரோட்டில் லாரிகூட அடங்கிப் போகும். வடிவுடையம்மன் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் திறப்பார்கள். அப்போது சன்னதித் தெருக் கூட்டம் தேரடி வரை வழிந்து நிற்கும். கியரைக் குறைத்து ஊர்ந்தபடியே லாரி டிரைவர்கள் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பல சங்குகள் ஓய்ந்துவிட்டன. 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2020இல் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரும் போனது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அதற்காக வருஷக்கணக்கில் தகரத் தடுப்புக்கும் கடை வாசலுக்கும் நடுவே ஊர்ந்தோம். மெட்ரோவில் போனால் ஜன்னல் வழியே கடல் தெரிகிறது. கீழே ரோட்டில் போகும்போது கூப்பிடு தூரத்தில் இருந்தும் தெரியாத கடல். குளிர்ச்சியான பெட்டி, நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஸ்கூட்டரை விற்கவில்லை. அடையாறில் இருக்கும் சித்தி மகள் வரும்போதெல்லாம், "இந்த லாரிங்களுக்கு நடுவுல எப்படிக்கா ஓட்டறே?" என்கிறாள். எனக்கோ அவள் ஊர் ரோட்டில்தான் கை நடுங்குகிறது. இங்கே லாரிக்காரர், மீன்கூடைக்காரம்மா, ஷேர் ஆட்டோ என்று ஆளுக்கு ஆள் முகம் பார்த்து வழி விட்டே வளர்ந்தோம். அங்கே கண்ணாடி ஏற்றிய கார்கள்; யார் முகத்தைப் பார்த்து நான் வழி கேட்பது?