சலவை இயந்திரம் நின்றால் கேட்கவேண்டிய கேள்விகள்

செய்தியாளர் தொழிலுக்கு வருகின்ற எவருக்கும் முதலில் கற்பிக்கப்படும் பாடம், என்ன நடந்தது, எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்று கேட்பதாகும். பழுதடைந்த சலவை இயந்திரத்துக்கும் இதே பாடம் பொருந்தும். "மெஷின் வேலை செய்யவில்லை" என்பது முழுமையான செய்தியன்று. தண்ணீரை எடுக்கவில்லையா, எடுத்த தண்ணீரை வெளியேற்றவில்லையா, எந்தக் கட்டத்தில் நின்றது என்று விசாரித்தால், பழுதின் பாதி அங்கேயே பிடிபட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் தனித்து வாழும் என் அக்காவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. விரல் மூட்டுகளில் வாதம். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். ஒருநாள் அவருடைய இயந்திரம் தண்ணீரும் உடுப்புமாக நின்றுவிட்டது. பார்க்க வந்த திருத்துநர், இலத்திரனியல் பலகை எரிந்துவிட்டதாகக் கூறிப் புதிய இயந்திரத்தின் பாதி விலையைக் கேட்டார். 2022இல் டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கும் மேலாக ஏறிய பின்னர், இறக்குமதிப் பொருட்களின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாததாகிவிட்டது. "பரவாயில்லைத் தம்பி, கிணத்தடியிலை கல்லு கிடக்குத்தானே" என்றார் அக்கா. வாளிகளைத் தூக்கி, அந்தக் கைகளால் படுக்கை விரிப்பைப் பிழிவதை நினைத்தபோது எனக்கு அந்தப் பதிலை ஏற்க மனம் வரவில்லை.

எப்போது நின்றது என்று கேட்டேன். தோய்த்து முடிந்த பின்னர், தண்ணீர் வெளியேறுவதற்கு முன்னர் என்றார். அதுவரை உருளை சுழன்றிருக்கிறது, பலகையும் கட்டளையிட்டிருக்கிறது. ஆகவே, ஐயப்படவேண்டிய முதல் இடம் வெளியேற்றும் வழிதான். வடிகட்டியைத் திறந்தோம். ஒரு நாணயம், இரண்டு கொண்டை ஊசிகள், ஒரு பிடி தலைமயிர். பத்து நிமிட வேலை. பலகைக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

முன்கதவு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டி கீழ்ப்புறத்திலுள்ள சிறு மூடிக்குள் இருக்கும். முதலில் மின்செருகியைக் கழற்றித் தண்ணீர்க் குழாயை மூடவேண்டும். சுடுநீரில் தோய்த்திருந்தால் ஆறும்வரை பொறுக்கவேண்டும். தட்டையான பாத்திரமொன்றையும் பழந்துணியையும் வைத்துக்கொண்டு, மூடியை இடப்பக்கமாக மெதுவாகத் திருகினால் தேங்கிய நீர் வெளியேறும். வடிகட்டியைக் கழுவி, உள்ளே தெரியும் சிறு விசிறி தடையின்றித் திரும்புகின்றதா என்று பார்த்து, மீண்டும் இறுக்கமாகப் பூட்டவேண்டும்.

தண்ணீர் வரவில்லையெனில் விசாரணை பின்புறத்தில் தொடங்கவேண்டும். குழாய் திறந்திருக்கின்றதா, இணைப்புக் குழாய் மடிந்துள்ளதா என்று பாருங்கள். அது இயந்திரத்துடன் சேரும் வாயில் சிறு வலையொன்று உண்டு. அதில் மணலும் துருவும் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெதுவாகவே வருமானால் தண்ணீர்த் தாங்கியின் உயரத்தைக் கவனியுங்கள். பல இயந்திரங்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரையான அழுத்தத்தை எதிர்பார்க்கின்றன. அதற்குத் தாங்கியின் நீர்மட்டம் இயந்திரத்துக்கு மேல் ஏறக்குறைய 3 முதல் 5 மீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும்.

தண்ணீர் நிரம்பிக்கொண்டே வெளியேறுமானால், கழிவுநீர்க் குழாயின் முனை தரையில் கிடக்கின்றதா என்று பாருங்கள். பல முன்கதவு இயந்திரங்களில் அது தரையிலிருந்து 60 முதல் 100 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கவேண்டும்.

இயந்திரம் நடுங்கி நகர்வது பலரை அச்சுறுத்தும். புதிதாக வாங்கியதெனில், கொண்டுவருவதற்காகப் பின்புறம் பூட்டிய ஆணிகள் கழற்றப்பட்டனவா என்று பாருங்கள். பழையதெனில் எதிரெதிர் மூலைகளை அழுத்தி, ஆடும் காலைத் திருகிச் சமப்படுத்துங்கள். தடித்த போர்வையொன்றைத் தனியாகப் போட்டாலும் சுமை ஒருபக்கம் சாயும். கூடவே இரண்டு துவாய்களைப் போடுங்கள்.

முகப்பில் தோன்றும் எழுத்துகளும் ஒருவகைச் சாட்சியமே. எல்ஜி இயந்திரங்களில் ‘ஓஈ’ என்பது நீர் வெளியேறவில்லை என்பதையும், ‘ஐஈ’ நீர் உள்ளே வரவில்லை என்பதையும், ‘யூஈ’ சுமை சமமாக இல்லை என்பதையும் குறிக்கும். மற்ற நிறுவனங்களின் குறிகள் வேறானவை. வழிகாட்டி நூலில் அவற்றைக் காணலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நம் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெட்டப்பட்டவை, தண்ணீர் கடினமானது. அது கொதிக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போலவே இயந்திரத்தின் சூடாக்கியிலும் படியும். வழிகாட்டி நூல் அனுமதித்தால், சிற்றிக் அமிலமோ அதற்கென விற்கப்படும் தூளோ இட்டு, உடுப்பில்லாமல் சுடுநீரில் ஒருமுறை ஓடவிடலாம். அதனுடன் வெளுக்கும் திரவத்தை ஒருபோதும் சேர்க்கக்கூடாது; நச்சுவாயு எழும். கையால் தோய்ப்பதற்கான தூளை முன்கதவு இயந்திரத்தில் இட்டால் நுரை பெருகி, கழுவுதலும் சுழற்சியும் குழம்பும். வேலை முடிந்ததும் கதவு இறப்பரைத் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்துவைத்தால் பூஞ்சணமும் துர்நாற்றமும் குறையும். சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளில் அவர்கள் உள்ளே ஏறாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

நமது கை போகக்கூடாத இடங்களும் உண்டு. தொட்டால் மின்சாரம் தாக்குவது, ட்ரிப் சுவிட்ச் மீண்டும் மீண்டும் விழுவது, எரிந்த மணம் வருவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துத் தகுதிபெற்ற மின்பணியாளரை அழையுங்கள். பின்பலகையைக் கழற்றி உள்ளே கைவைப்பதும் நம் வேலையன்று. செருகியைக் கழற்றிய பின்னரும் சில பாகங்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

நேர்மையான திருத்துநர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களை அழைக்கும்போது "தோய்த்தது, தண்ணீர் போகவில்லை, வடிகட்டி சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கும் வேலை இலகுவாகும். மற்றவர்களோ, விடயம் தெரிந்த வீட்டில் பலகை எரிந்த கதையைச் சொல்வதற்குச் சற்றுத் தயங்குவார்கள்.