வெயிலில் தேய்ந்தது, பனியில் தெரிந்தது

மார்கழியில் சென்னை பெருங்குடியிலிருந்து ஊட்டிக்கு பைக்கில் போவதென்றால், கோழி கூவும் முன்பே கிளம்பிவிட வேண்டும். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் பகலில் ஊர்ந்துதான் போக முடியும். விடிவதற்குள் ரேடியல் ரோட்டில் திரும்பிவிட்டால், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக் காற்று முகத்தில் அடிக்க, பல்லாவரம் வரை நிற்காமல் போகலாம். அப்புறம் தாம்பரம், திண்டிவனம், விழுப்புரம். உளுந்தூர்பேட்டையில் மேற்கே திரும்பி கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம், பவானி. அவிநாசியில் நெடுஞ்சாலையை விட்டு அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோத்தகிரி மலைப்பாதை. ஏறத்தாழ 550 கிலோமீட்டர். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்பதால் அதையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன்.

காலையில் கடல் மட்டத்தில் கிளம்பிய வண்டி, இருட்டும்போது 2,000 மீட்டருக்கு மேலே நின்றது. நான் தங்கியது ஊட்டி நகரத்தில் அல்ல, கேத்தி பாலாடா பக்கம். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் பள்ளத்தாக்கு அது. மேகம் இல்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளில் இறங்கி இப்படிப்பட்ட பள்ளங்களில்தான் தேங்கும். அதனால் மலை உச்சியைவிடப் பள்ளத்துத் தோட்டங்களில்தான் உறைபனி முதலில் விழுகிறது. தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களிலும் இதே கதைதான்.

விடிந்து வெளியே வந்தபோது வண்டியின் சீட்டில் வெள்ளைப் பொடியாகப் பனி படிந்திருந்தது. விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. பெட்ரோல் டேங்கைத் தொட்டால் சுரீர் என்றது. சாவியைத் திருப்பினேன். மீட்டரில் விளக்கு மங்கலாக எரிந்தது. செல்ஃபை அழுத்தியதும் ‘டக் டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது, மீட்டர் விளக்கும் அணைந்துவிட்டது. அந்தச் சத்தம் ஸ்டார்ட்டர் ரிலேயுடையது. அதை இழுத்துப் பிடிக்கும் அளவுக்குக்கூட பாட்டரியில் தெம்பு இல்லை என்று அர்த்தம்.

பழைய புல்லட்டாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. 1956-லிருந்து திருவொற்றியூரில் தயாராகி வந்த அந்த வண்டிகளில் கிக்கர் உண்டு, டீகம்ப்ரஷர் உண்டு, ஹெட்லைட் மேலேயே ஆம்ப் மீட்டர் உண்டு. மாமா வைத்திருந்த புல்லட்டில் அந்த முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து ஓங்கி ஓர் உதை விடுவார், வண்டி பேசும். இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் கிக்கர் கிடையாது. என் வண்டியிலும் இல்லை.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்று தோன்றும். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்து, இறக்கத்தில் உருட்டி, வேகம் வந்ததும் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து கிளட்சை விடுவது நம் ஊரில் எல்லோரும் அறிந்த வித்தை. கார்புரேட்டர் வண்டிக்கு அது போதும். ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகள் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோலை அழுத்தி அனுப்பும் பம்ப்புக்கும், தீப்பொறியைத் தீர்மானிக்கும் ஈ.சி.யு.வுக்கும் மின்சாரம் வேண்டும். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் இரண்டு விநாடி கேட்கிறதா என்று காதைக் கொடுத்துப் பாருங்கள். கேட்டால் தள்ளிப் பார்க்கலாம். கேட்காவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் மூச்சு வாங்குவதுதான் மிச்சம். எனக்குக் கேட்கவில்லை.

பக்கத்தில் கேரட் கழுவும் இடம். தோட்டங்களிலிருந்து வந்த மூட்டைகளை அங்கே இயந்திரத்தில் போட்டுக் கழுவி, வெயில் ஏறுவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிடுகிறார்கள். குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் டீயைக் கையில் வைத்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு லாரியும் ஒரு பிக்கப் வேனும் நின்றன. லாரி பக்கம் நடந்தேன். பிக்கப் டிரைவர் குறுக்கே வந்தார்.

“அண்ணா, லாரில குடுத்துடாதீங்க. அது இருபத்திநாலு வோல்ட்டு. உங்க வண்டி பன்னெண்டு. எல்லாம் புகைஞ்சு போயிரும். நான் வர்றேன்.”

மலையில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வார்த்தை அது.

தன் வேனை பைக்குக்கு அருகே, ஆனால் உரசாமல் கொண்டுவந்து நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பைக்குக்குக் கார் வகை வண்டியிலிருந்து உயிர் கொடுக்கும்போது அந்த வண்டியின் எஞ்சின் ஓடக் கூடாது. அதன் பாட்டரியே தாராளமாகப் போதும். நான் பைக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பாசிட்டிவ் முனையின் ரப்பர் தொப்பியைத் தூக்கினால், போல்ட்டைச் சுற்றி வெளிறிய பச்சைப் பொடி பூத்திருந்தது. அவர் ஒரு பழைய துணியால் அதைத் துடைத்துவிட்டு, சிவப்பு கேபிளின் ஒரு கவ்வியை அங்கே கொடுத்தார். மறுமுனை வேனின் பாசிட்டிவில். கறுப்பு கேபிள் முதலில் வேனின் நெகட்டிவில். அதன் மறுமுனையை பைக்கின் பாட்டரியில் கொடுக்காமல், எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மாட்டினார். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியக்கூடும் என்பதால் அந்தப் பொறி பாட்டரிக்குத் தள்ளியே இருக்க வேண்டும். தவிர, காருக்கான பெரிய கவ்விகள் இரண்டும் பைக்கின் சின்ன பாட்டரியில் ஒன்றையொன்று தொட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது.

சில நிமிடம் பொறுத்துச் சாவியைத் திருப்பினேன். பம்ப் பாடியது. செல்ஃபைத் தொட்டதும் எஞ்சின் உறுமி எழுந்தது. மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கேபிள்களைக் கழற்றினார். எஞ்சினிலிருந்த கறுப்பு முதலில், பைக் பாட்டரியிலிருந்த சிவப்பு கடைசியில். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. “மேட்டுப்பாளையம் போற வரைக்கும் ஆஃப் பண்ணாதீங்க” என்று மட்டும் சொன்னார்.

அப்படியே செய்தேன். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சின் சுற்று குறையாமல் இறங்கினேன். மேட்டுப்பாளையம் பாட்டரிக் கடையில் பெரியவர் ஒருவர் மீட்டரை வைத்தார். சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட். செல்ஃபை அழுத்தச் சொன்னார். ஒன்பதுக்குக் கீழே சரிந்தது. நல்ல பாட்டரி அந்த நொடியில் பத்துக்குப் பக்கத்திலாவது தாக்குப்பிடிக்கும்.

“ஏனுங்க, இது குளிர்ல போகலீங்க. உங்க ஊரு வெயில்லயே போயிருச்சுங்க” என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். அவர் சொன்னது அறிவியல். குளிரில் பாட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது, எஞ்சின் ஆயில் கெட்டியாகிறது. கொடுக்கும் சக்தி குறைகிற அதே நேரத்தில் கேட்கும் சக்தி கூடுகிறது. ஆனால் வெயில் ஏறியதும் அது சரியாகிவிடும். வெப்பம் செய்வது அப்படித் திரும்பாது. ஈயத் தகடுகளை அரிக்கிறது, நீரை வற்ற வைக்கிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பாட்டரித் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கத்திரி வெயிலில் அலுவலக வாசல்களில் நாளெல்லாம் காயும் பெருங்குடி வண்டிகளை எண்ணிப் பாருங்கள்.

அதோடு, 2017 ஏப்ரல் முதல் புதிய பைக்குகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. சாலைப் பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆல்டர்னேட்டர் தருவது குறைவு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே சிக்னல் சிக்னலாக நின்று போகும் சிறு ஓட்டத்தில் பாட்டரி முழுதாக நிறைவதே இல்லை. அரைகுறையாகவே கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுகிறது. சென்னையில் இரவும் வெதுவெதுப்பாக இருப்பதால், பலவீனமான பாட்டரியும் எப்படியோ வண்டியைக் கிளப்பிவிடும். குறை வெளியே தெரிவதில்லை.

ஆகவே மலைக்குக் கிளம்புகிற சென்னைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜெர்கினும் கையுறையும் வாங்கும் வாரத்தில், தெருமுனை பாட்டரிக் கடையில் செல்ஃபை அழுத்தியபடி வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. முனைகளை வெந்நீர் விட்டுக் கழுவி வாசலின் தடவுங்கள். சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி ஜம்பர் கேபிள் வையுங்கள். அது உங்களுக்காக மட்டுமல்ல. வழியில் சைடு ஸ்டாண்டு போட்டு, மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். பன்னிரண்டு வோல்ட்டா என்று கேட்டுக்கொண்டு, சிவப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.