12 மணிக்கு எழுந்து நிற்கும் அப்பத்தா... எனக்குப் புரிந்த ஈஸ்டர்!

ஈஸ்டர் வாரம் நெருங்கினாலே எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். டீமில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவப் பெண். 'ஈஸ்டர் முட்டை எதற்கு?', 'முயலுக்கும் ஈஸ்டருக்கும் என்ன சம்பந்தம்?', 'ஒவ்வொரு வருஷமும் தேதி ஏன் மாறுகிறது?' என்று மூன்று தலைப்புகளை, அவர்கள் கேட்பதற்கு முன்பே டைப் செய்து வைத்துவிடுவேன்.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மார்ச் 21 அன்றோ, அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி. அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் எந்த ஞாயிறிலும் அது வரலாம். இந்த வருஷம் பங்குனி உத்திரம் முடிந்த கையோடு, ஏப்ரல் 5 அன்று வந்தது.

முட்டை, முயல் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் எதுவும் இல்லை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் ஈஸ்டர் என்றால் சீரகச் சம்பா பிரியாணி. சாம்பல் புதனிலிருந்து தவக்காலம் முழுக்கக் கறியே எடுக்காத வீட்டில், அன்று காலையிலேயே இஞ்சி பூண்டு வாசனை தெருமுனை வரை வரும்.

ஆனால், எந்த வாசகரும் இதுவரை கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஈஸ்டர் முடிந்த மறுநாள் என்ன செய்வது?

அதற்கான பதில் என் அப்பத்தாவிடம் இருந்தது. அது எனக்குப் புரிய ஐந்து வருஷம் ஆனது.

அப்பத்தாவுக்குப் பிறந்த ஊர் மேட்டுப்பட்டி. வியாகுல அன்னை ஆலயமும் பாஸ்கா திருவிழாவும் உள்ள ஊர். இயேசுவின் பாடுகளை நாடகமாக நடித்துக் காட்டுவதுதான் பாஸ்கா. கல்யாணமாகி வந்தது திண்டுக்கல் டவுனில், புனித வளனார் பேராலயத்து மணி கேட்கும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு. 2003-ல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது அதன் தலைமை ஆலயமானது அது. வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வரும் வளன்தான் சூசையப்பர். அப்பத்தாவுக்கு இன்றைக்கும் அது 'சூசையப்பர் கோயில்'தான்.

காலை 6, மதியம் 12, மாலை 6 என்று மூன்று வேளை செபம் சொல்வது கத்தோலிக்க வீடுகளின் பழைய வழக்கம். மூவேளைச் செபம் என்பார்கள். வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்னதை நினைத்துச் சொல்லும் சின்ன செபம். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகும். முழங்கால் வலியால் அப்பத்தா அதைப் பாயில் உட்கார்ந்தேதான் சொல்வாள்.

ஈஸ்டர் அன்று அது மாறிவிடும். அன்றிலிருந்து பெந்தகொஸ்தே வரை ஐம்பது நாள்களுக்கு அந்தச் செபமே வேறு. மரியாளைப் பார்த்து, 'மகிழ்ந்திரு தாயே, உன் பிள்ளை உயிர்த்துவிட்டார்' என்ற பொருளில் வரும். அதை நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். அப்பத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவாள்.

"ஏன் அப்பத்தா, உக்காந்து சொன்னா மாதா கோச்சுக்குமா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"உயிர்த்த காலத்துல உக்காரக் கூடாது பாப்பா." அவ்வளவுதான் பதில்.

பின்னாளில் ஏதோ ஒரு கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்தது, இது மிகப் பழைய பழக்கம். கி.பி. 325-ல் இன்றைய துருக்கியில் உள்ள நிசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தகொஸ்தே வரையிலான இந்த நாள்களிலும் மண்டியிடாமல் நின்று செபிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. விழுந்தவர் எழுந்துவிட்டார் என்பதை உடம்பால் சொல்வதாக அதைப் புரிந்துகொள்கிறார்கள். நிசேயா என்ற பெயரையே கேள்விப்படாத அப்பத்தா, மேட்டுப்பட்டியில் தன் அம்மாவிடம் அதைக் கற்றிருக்கிறாள்.

அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தனக்கே விருது கொடுத்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஈஸ்டர் அன்று மாலை சீடர்கள் பயந்துபோய் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க, உயிர்த்த இயேசு நடுவில் வந்து நின்றார் என்று யோவான் நற்செய்தியில் வரும். அதை வாசிக்கும்போதெல்லாம் அப்பா சிரிப்பார். "நம்ம ஊரு மாங்கா பூட்டு போட்டிருந்தா சேசுவே கதவைத் தட்டிட்டுத்தான் வந்திருக்கணும்!"

2021-ல் ஈஸ்டர் ஏப்ரல் 4. அன்று அப்பா எங்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். கொரோனா இரண்டாம் அலை அடுத்த சில வாரங்களில் எல்லாவற்றையும் மாற்றியது. ஏப்ரல் 26 முதல் வழிபாட்டுத் தலங்களுக்குள் மக்கள் போகத் தடை. மே 10 முதல் முழு ஊரடங்கு. அந்த வாரத்தில் அப்பா போய்விட்டார். அப்போது எனக்கு 20 வயது, இதழியல் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்குக் கொண்டுபோக முடியவில்லை. பேகம்பூர் பக்கத்துப் பையன்கள் நான்கு பேர் கவச உடை போட்டுக்கொண்டு அப்பாவைத் தூக்கி வந்தார்கள். ரம்ஜான் நோன்பின் கடைசி நாள்கள் அவை. அந்த வெயிலில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் குழிக்குள் இறக்கிவிட்டு, எங்களைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டுப் போனார்கள். சாமியார் பத்து நிமிஷத்தில் செபத்தை முடித்தார். நான் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றேன்.

மறுநாள் மதியம் மணி அடித்தது. அப்பத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தாள். உயிர்ப்புக் காலம் இன்னும் முடியவில்லை. மகனைப் புதைத்த மறுநாள், ஒரு தாய் இன்னொரு தாயைப் பார்த்து 'மகிழ்ந்திரு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்பா போயி ஒருநாள் ஆகல. யாரைச் சந்தோசமா இருக்கச் சொல்ற? உன்னால எப்படி இதைச் சொல்ல முடியுது?" என்று கத்தினேன்.

அவள் செபத்தை நிறுத்தவில்லை. முடித்து, சிலுவை போட்டு, பாயில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"மாதாவும் பிள்ளையப் பறிகொடுத்தவதான. எங்க ஊருக் கோயில்ல அவ பேரே வியாகுல மாதா. அவளுக்கே சந்தோசம் ஒரே நாள்ல வந்திருக்குமா? எனக்கும் வரல பாப்பா. வாய்தான் சொல்லுச்சு. ஆனா, நம்பிக்கை வந்தப்புறம்தான் எந்திரிப்பேன்னு இருந்தா, நான் இந்தப் பாயிலயேதான் கெடக்கணும்."

அன்று எனக்கு அது ஏறவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் நான் செபமே சொல்லவில்லை. வீட்டில் செபமாலை தொடங்கினால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன்.

2022-ல் அம்மாவுக்காகத்தான் ஈஸ்டர் திருவிழிப்புக்குப் போனேன். சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டி நடக்கும் வழிபாடு. கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவத்தியை ஏற்றுவார்கள். அந்த வருஷத்தின் எண்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகள் குத்தியிருக்கும். அந்த ஒரு திரியிலிருந்து நெருப்பு கைக்குக் கை மாறி, கோயில் முழுக்கப் பரவும். என் மெழுகுவத்தியை ஏற்றிக் கொடுத்தது, முன்பின் தெரியாத ஒரு ஆறு வயதுப் பையன்.

ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குக் கொடுக்கும் மெழுகுவத்தியை அந்தத் திரியில்தான் ஏற்றுவார்கள். அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் அதே திரி எரியும். அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் அழுதுவிட்டேன். மறுநாள் காலை, நான் எதுவும் சொல்லாமலே, அப்பத்தா என் பாதி எரிந்த மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். அப்பாவின் தலைமாட்டில் அதை ஏற்றிவைத்தோம். காற்றில் மூன்று முறை அணைந்தது. மூன்று முறையும் அம்மா ஏற்றினார்.

வேலையில் சேர்ந்த பிறகு, 'முதல் ஈஸ்டர் அன்று என்ன நடந்தது?' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான்கு நற்செய்திகளிலும் அந்தப் பகுதியை ஒரே மூச்சில் வாசித்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால், அங்கே யாருமே சந்தோஷத்தோடு தொடங்கவில்லை என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

மாற்குவில், கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. லூக்காவில், பெண்கள் வந்து சொன்னதைச் சீடர்கள் வெறும் பிதற்றல் என்று தள்ளுகிறார்கள். யோவானில், மகதலா மரியாள் அழுத கண்ணோடு இயேசுவையே தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். எம்மாவு ஊருக்கு நடந்த இரண்டு பேர் வழி நெடுகப் பக்கத்தில் வந்தவரை அடையாளம் தெரியாமலே புலம்புகிறார்கள். சுமார் 11 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டிக்கு நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறக்கிறது.

தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவுக்கு இயேசு காட்டியது தன் காயங்களை. உயிர்த்த உடம்பிலும் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. அந்தத் தோமாதான் கி.பி. 52-ல் இந்தியாவுக்கு வந்தார், பரங்கிமலையில் உயிர்விட்டார் என்பது மரபு. சென்னையில் மின்சார ரயிலில் பரங்கிமலையைக் கடக்கும்போதெல்லாம், சந்தேகப்பட்டவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

'வாய்தான் சொல்லுச்சு' என்று அப்பத்தா சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஈஸ்டரைக் கொண்டாட, துக்கம் முடிந்திருக்க வேண்டும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் ஈஸ்டரில் இருந்தவர்கள்கூட அப்படி இல்லை. அழுகையோடும் பயத்தோடும் சந்தேகத்தோடும்தான் எழுந்து நடந்தார்கள். ஐம்பது நாள் கொடுத்திருப்பதே அதற்காகத்தானோ என்று தோன்றுகிறது. ஒரே நாளில் யாராலும் மகிழ்ந்துவிட முடியாது.

கடந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 20. போப் பிரான்சிஸ், புனித பேதுரு பேராலயத்து மாடத்திலிருந்து ஆசி வழங்கியதை அப்பத்தாவுக்கு போனில் காட்டினேன். மறுநாளும் எனக்கு விடுமுறை. 12 மணி செபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு மணிக்கு மேல் அலுவலக வாட்ஸ்அப் குரூப் அலறியது. போப் இறந்துவிட்டார், வயது 88. கையைக் கழுவிவிட்டு, தாழ்வாரத்தில் உட்கார்ந்தே செய்தியை டைப் செய்து அனுப்பினேன். அப்பத்தா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, "நேத்துதான பாத்தோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாலை 6 மணிக்கு மணி அடித்தது. அவள் கம்பியைப் பிடித்தாள். அன்று யாரும் கூப்பிடாமல் நானும் லேப்டாப்பை மூடிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் முறை. நடுவில் இரண்டு வரி மறந்துபோயிருந்தது. அவள் சத்தமாகச் சொல்லி எடுத்துக் கொடுத்தாள்.

இந்த பிப்ரவரியில் அப்பத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, இப்போது கட்டிலோடு இருக்கிறாள். ஈஸ்டர் அன்று மதியம் மணி அடித்ததும், அவள் கை தானாக ஜன்னல் பக்கம் போனது. எட்டவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் சேத்து நீ நில்லு பாப்பா."

நின்றேன். எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால், தெரியாது என்பதுதான் உண்மை. தோமாவைப் போல எனக்கும் கேள்விகள் இருக்கின்றன. அப்பா இல்லாத வீடு இன்னமும் அப்பா இல்லாத வீடுதான். ஆனால், அவர் போனது அந்தக் குழியோடு முடிந்துவிடவில்லை என்று ஒரு நாளில் ஒரு நிமிஷமாவது எழுந்து நின்று சொல்ல முடிகிறது. அந்த ஒரு நிமிஷத்தின் பலத்தில்தான் அப்பத்தா இத்தனை வருஷம் அடுப்படிக்கும் கல்லறைக்கும் நடந்திருக்கிறாள்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு போனில் 12 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். மே 24 பெந்தகொஸ்தே வரை. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றால், டீக்குப் போகிறேன் என்று நினைத்து, "எனக்கும் ஒண்ணு" என்கிறார்கள் டெஸ்க்கில். செபம் முடித்துவிட்டு வாங்கி வந்து கொடுக்கிறேன்.

சாயங்காலம் அம்மா போனை அப்பத்தா காதில் வைப்பார். முதல் கேள்வி எப்போதும் அதுதான். "நின்னியா?"

நேற்று ஒரு பிரேக்கிங் நியூஸில் அலாரத்தை அணைத்துவிட்டு மறந்தே போனேன். ஞாபகம் வந்து எழுந்தபோது மணி 12.25. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பரவால்ல பாப்பா. மாதா கடியாரம் பாக்காது" என்றாள்.