தளியில் ஒரு ராப் ராத்திரி!

மாசி மாதத்து மத்தியானம். ஓசூர் சிப்காட் டீக்கடை. எங்க செக்‌ஷன் பையன் செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினான். ஆஸ்திரியாவில் இஷ்கிள் என்று ஒரு பனிமலை ஊர். 2,320 மீட்டர் உயரத்தில் மேடை போட்டு, 1995-லிருந்து பெரிய பெரிய பாடகர்களைக் கூப்பிடுகிறார்கள். ஜனம் பனிச்சறுக்கு பூட்ஸோடு ஆடுகிறது!

"அண்ணே, பழம் தின்னு கொட்டை போட்ட ராப் பாடகர் ஒருத்தர் இப்படிப் பனியில நின்னு பாடறதை நேர்ல பாக்கணும்!"

"உன் பைக்கை வித்தாலும் பிளேன் டிக்கெட்டுக்குப் பத்தாதுடா" என்றேன்.

ராப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் 1992-ல் பாபா சேகல், 1994-ல் 'காதலன்' படத்துப் பேட்டை ராப், 2006-ல் மலேசியாவிலிருந்து வந்த யோகி பி. அதோடு சரி.

கூட நின்ற பெயின்ட் ஷாப் தம்பி, கான்ட்ராக்ட் ஆள், மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பாவும் அப்படித்தான் சார். நாப்பது வருஷமா கூத்துல கட்டியங்காரன். இன்னிக்கு ராத்திரி தளிப் பக்கம் ஆட்டம். பல்லு போச்சு, இதான் கடைசிங்கறாரு."

"நீ போகலையா?"

"நைட் ஷிப்ட் சார். ஒரு நாள் கூலி போகும், அட்டெண்டன்ஸ் போனஸும் போகும்." கொஞ்சம் நிறுத்தினான். "அதுவும் இல்லாம... கேன்டீன்ல 'கூத்தாடி மவன்'னு கூப்பிட்டானுங்க. எட்டு வருஷமா அந்தப் பக்கமே போகலை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயந்திரம் ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கம்பெனிச் சட்டையோடு எனக்கு முன்னால் நின்றான்!

தளி பஸ்ஸில் ஏறினால் ஒரே சீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உட்கார்ந்திருக்கும். மத்திகிரி தாண்டினால் வெள்ளைவெள்ளையாகப் பசுமைக்குடில்கள். உள்ளே ரோஜா. பிப்ரவரி 14-க்காக வெளிநாடெல்லாம் போகிற சரக்கு. அப்புறம் ராகிக் கொல்லை, காடு, யானை பயம். தளிக்கு வெள்ளைக்காரன் வைத்த செல்லப் பெயர் 'லிட்டில் இங்கிலாந்து'. பனி பெய்யாது. ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் வந்த எனக்குப் பல் தாளம் போட்டது.

பத்து மணிக்கு முகவீணை பிளிறியது. மிருதங்கம் எகிறியது. திரைக்குப் பின்னாலிருந்து கூம்புக் குல்லாயோடு குதித்தார் பாருங்கள் பெரியவர்... குதித்தார் என்பது மரியாதைக்கு. முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாயைத் திறந்ததும்தான் விஷயம்! தாளத்துக்குள் மூன்று பாஷையையும் எதுகை மோனையோடு திணித்துத் தள்ளுகிறார். துரியோதனன் அரண்மனை வாசலில் கேட் பாஸ் கேட்கிறார், பாஞ்சாலிக்கு பி.எஃப். பிடிக்கிறார். கூட்டம் புரண்டது.

1973 ஆகஸ்ட் 11-ல் நியூயார்க் பிராங்க்ஸில் நடந்த ஒரு பார்ட்டியில்தான் ஹிப்-ஹாப் பிறந்தது என்பார்கள். தாளத்துக்குப் பேசுவது கட்டியங்காரனுக்கு அதற்கும் முந்தைய தொழில். யார் சீனியர் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

நடுராத்திரிக்கு மேல் ஓர் இடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். வார்த்தை வரவில்லை. மிருதங்கக்காரர் இரண்டு சுற்று கூடுதலாக வாசித்துச் சமாளித்தார். தம்பி என் கையை இறுக்கிப் பிடித்தான். பெரியவர் கூட்டத்தைத் துழாவினார். கம்பெனிச் சட்டை கண்ணில் பட்டது.

"மகாராஜா! பாண்டவங்க காட்டுக்குப் போயி பதிமூணு வருஷம் கழிச்சுத்தான் வந்தாங்க. நம்மாளு எட்டே வருஷத்துல வந்துட்டான். கெட்டிக்காரன்!"

விசில் பறந்தது. தம்பியும் சிரித்தான். அப்புறம் மஃப்ளரால் முகத்தை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் விடிகிற வரை பெரியவர் எங்கேயும் நிற்கவில்லை.

விடிகாலை. தேங்காய் எண்ணெய் தொட்டு அப்பாவின் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான் தம்பி.

"ஷிப்ட் இல்லியா?"

"லீவு போட்டேன்."

"கூலி?"

"போச்சு."

பெரியவர், ஜனங்கள் சட்டையில் குத்திவிட்ட நோட்டுகளில் இரண்டு நூறு ரூபாயைப் பிரித்து அவன் பாக்கெட்டில் திணித்தார். அவன் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை ஊக்கோடு திருப்பி அவர் சட்டையிலேயே குத்தினான். அதற்குள் ஓசூர் முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.